இருபத்தைந்து அடித் திருவாதிரை

திருவிழாவுக்கு விளக்கு அலங்காரம் செய்கிறவர்களிடம் இருப்பது ஒரே ஒரு அளவுகோல். கூட்டம் நிற்கிறதா? மூங்கில் சாரத்தில் பலகை கட்டி, வண்ண பல்புகளால் மயிலை ஆட விடுவார்கள், அனுமாரைப் பறக்க விடுவார்கள். ஜனங்கள் நடந்துகொண்டே பார்த்தால் அது சுமாரான வேலை. நின்று பார்த்தால் நல்ல வேலை. தொண்டர்கள் தொண்டை கிழிய "நவுரு, நவுரு" என்று கத்தும்படி ஆகிவிட்டால், அந்த அலங்காரக்காரரை அடுத்த வருடம் வீடு தேடி வந்து கூப்பிடுவார்கள்.

அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த 'கஜபதி லைட்ஸ்' கடையின் மயில்களுக்கு முன்னால் கூட்டம் எப்போதும் நின்றது. மயிலைப் போட்டவர் கஜபதி அல்ல, அவருடைய தங்கை நாகவல்லி.

பிளைவுட்டில் சாக்குக்கட்டியால் உருவம் வரைவது அவர். துளை போடுவது, ஒயர் இழுப்பது, பல்புகளை வண்ண வார்னிஷில் முக்கிக் கயிற்றில் காயப்போடுவது, எந்த வரிசை எப்போது எரிய வேண்டும் என்று உருளையில் பித்தளைப் பட்டை ஒட்டுவது, எல்லாம் அவர்தான். கொண்டையில் எப்போதும் ஒரு டெஸ்டர் செருகியிருக்கும். வலது கட்டைவிரல் நுனி சூடான பல்புகளைத் திருகித் திருகி மரத்துப் போயிருந்தது. குரல் மட்டும் மரத்துப் போகவில்லை. சாரத்தின் உச்சியில் இருக்கும் ஆளுக்குக் கீழே நின்று கட்டளையிட அவருக்கு மைக் தேவைப்பட்டதில்லை.

கடையைத் தொடங்கியது அப்பா. அவருக்குப் பின் பலகையில் அண்ணன் பெயர் ஏறியது. யாரும் அதைத் தவறாக நினைக்கவில்லை. நாகவல்லியும் நினைக்கவில்லை, ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்த கணவர் தசரதன் ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடி கேட்கும்வரை.

"மயிலு உன்து. பேரு மட்டும் ஏன் மச்சான்து?"

அந்தத் தொழிலில் பெயர்ப் பலகைக்கு ஒரு மரியாதை உண்டு. சாரத்தின் காலடியில் அதை வைப்பார்கள். எல்லா விளக்கும் எரிந்து, ஜனங்கள் பார்த்து முடித்து, 'யார் போட்டது?' என்று கேட்கத் தொடங்கும்போதுதான் அதற்கு இணைப்புக் கொடுப்பார்கள். எத்தனையோ திருவிழாக்களில் அந்த இணைப்பைக் கொடுத்தது நாகவல்லியின் கைதான். எரிந்தது அண்ணனின் பெயர்.

வால் நட்சத்திரம் வந்த ஆண்டில், அதாவது எண்பத்தாறு ஏப்ரலில், ஆவடியில் ஒரு மைதானத்தில் அறிவியல் மன்றம் ஒன்று வானம் காட்டும் கூட்டம் நடத்தியது. தொலைநோக்கி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். மைக்கும் விளக்கும் கஜபதி லைட்ஸ். விளக்கெல்லாம் கட்டி முடித்த பிறகு மன்றத்துக்காரர்கள் வந்து, இருட்டியதும் அத்தனையையும் அணைக்க வேண்டும் என்றார்கள்.

"வெளக்கு போடத்தான் எங்கள எல்லாரும் கூப்புடுவாங்க," என்றார் நாகவல்லி. "அணைக்கறதுக்குக் கூப்ட்ட மொத ஆளு நீங்கதான் சார்."

வால் நட்சத்திரம் எழுவதற்கு நேரம் இருந்தது. கூட்டம் சலசலத்தது. அதை அடக்க ஒரு பெண் மைக்கைப் பிடித்தார். அவர் தாட்சாயிணி, அம்பத்தூரில் ஒரு பள்ளியின் இயற்பியல் ஆசிரியை.

"மேற்கே பாருங்க. மூணு நட்சத்திரம் வரிசையா தெரியுதா? அதுக்கு ஒரு பக்கம் சிவப்பா ஒண்ணு. அதுதான் திருவாதிரை. எதிர்ப் பக்கம் நீலம் கலந்த வெள்ளையா ஒண்ணு. அது பேரு ரைகல். ரெண்டுல எது சூடு?"

"செவப்பு!" என்றது மைதானம்.

"இல்லை. நீலம்தான் சூடு."

விசில் பறந்தது. முன்வரிசையில் ஒரு இளைஞன் எழுந்தே விட்டான். "டீச்சர், அடுப்புல நெருப்பு செவப்பா கீது. ஐஸ் வண்டிலதான் ஊதா பெயின்ட் அடிச்சிகீறாங்க. சொம்மா ஏமாத்தாதீங்க!"

சிரிப்பு அடங்கவில்லை. ஆசிரியை ஏதோ சொல்ல வாயெடுத்தார், சத்தத்தில் எடுபடவில்லை. அப்போது ஆம்ப்ளிஃபையர் மேசைப் பக்கமிருந்து மைக் இல்லாமலே ஒரு குரல் வந்தது.

"டேய் தம்பி, எஸ்டேட்லதான வேல செய்ற?"

"ஆமா. இன்னா அதுக்கு?"

"பீடி நுனி இன்னா கலரு?"

"செவப்பு."

"வெல்டிங் வெக்கறாங்களே, அது?"

பையன் குரல் இறங்கியது. "ஊதா."

"பீடியக் கையால கசக்கி அணைச்சிருவ. வெல்டிங்க அணைச்சுக் காட்டு, பாக்கலாம்."

மைதானத்தில் பாதிப் பேர் தொழிற்பேட்டைக்காரர்கள். சிரிப்பு இப்போது வேறு பக்கம் திரும்பியது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் தாட்சாயிணி. கூட்டம் முடிந்ததும் அந்தக் குரலைத் தேடிக்கொண்டு வந்தார். இருவரும் ஒயரைச் சுற்றியபடியே பேசினார்கள். மாலை நேரத்தில் வோல்டேஜ் குறைந்தால் வீட்டு பல்பு ஏன் சிவந்து மங்குகிறது என்று நாகவல்லி கேட்டார். உள்ளே இருக்கும் கம்பி சூடு குறைவதால்தான், நட்சத்திரத்துக்கும் அதே கணக்குதான் என்றார் ஆசிரியை. நாகவல்லி சுற்றிய ஒயரைக் கையில் பிடித்தபடி மேற்கே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப மேல கீறதெல்லாம் வேற வேற வோல்டேஜு."

"அப்படியே வெச்சுக்கோங்களேன்," என்றார் தாட்சாயிணி.

இரண்டு ஆண்டுகள் அந்தப் பேச்சு மனதில் கிடந்தது. எண்பத்தெட்டில் விநாயகர் சதுர்த்தி வேலைகள் முடிந்து சாரம் பிரிக்கும்போதுதான் நாகவல்லி அண்ணனிடம் கேட்டார்.

"ண்ணா, அடுத்த வேலைக்கு என் பேரப் போடு."

கஜபதி கெட்டவர் இல்லை. தங்கைக்கு டீ வாங்கிக் கொடுக்காமல் தான் குடித்தவர் இல்லை. ஆனால் பெயர் என்றதும் கையிலிருந்த கயிற்றைக் கீழே விட்டார்.

"பேரு மாத்தினா ஜனம் இன்னா சொல்லும்? கஜபதி தொழில வுட்டுட்டான்னு சொல்லும்."

"நா தனியா ஒண்ணு போடறேன். கூட்டம் நின்னா?"

"இன்னாத்தப் போடுவ? மயிலா? மயிலு அப்பா போட்டது. யாரு போட்டாலும் நிக்கும். அனுமாரும் அப்டித்தான். நீயா புச்சா ஒண்ணு போடு. கூட்டம் நின்னா உன் பேரு. நிக்கலன்னு வெச்சுக்க, இந்தப் பேச்சு இனிமே கடைக்குள்ள வரக்கூடாது. சரியா?"

"சரி," என்றார் நாகவல்லி. "மார்கழித் திருவாதிரைக்குப் போடறேன்."

ஆவடிப் பக்கம் ஏரிக்கரையை ஒட்டி ஒரு சிறிய சிவன் கோயில். மார்கழித் திருவாதிரைக்கு முந்தின மாலையே அங்கே கூட்டம் சேரும். வருடந்தோறும் அங்கே விளக்கு கஜபதி லைட்ஸ்தான். திருவாதிரை நாளில் திருவாதிரையையே போடுவது என்பது நாகவல்லியின் திட்டம். அதோடு, வானத்தில் அதைச் சுற்றி நிற்கும் ரைகல், ரோகிணி, சிரியஸ். நிறத்தில் மட்டும் அல்ல, அளவிலும் வித்தியாசம் தெரிய வேண்டும்.

அளவு கேட்கத் தாட்சாயிணியைக் கடைக்கு வரவழைத்தார். ஆசிரியை ஒரு டார்ச் லைட் பல்பை எடுத்து உள்ளங்கையில் வைத்தார்.

"இதுதான் நம்ம சூரியன்னு வெச்சுக்குவோம்."

"வெச்சாச்சு."

"அப்ப சிரியஸ் ஒரு நெல்லிக்காய். ரோகிணி ஒரு குடம். ரைகல் கல்யாண வீட்டு அண்டா."

"திருவாதிரை?"

தாட்சாயிணி கூரையைப் பார்த்தார். கடைக்குள் நிற்காது என்றார். இருவரும் வெளியே வந்தார்கள். கடை வாசலில் நாகவல்லி ஒயரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். ஆசிரியை மறு முனையோடு தெருவைக் கடக்கத் தொடங்கினார். ஒரு சைக்கிள்காரர் திட்டிக்கொண்டே இறங்கினார். எதிர்க் கடைப் படியில் ஏறி நின்றுகொண்டு தாட்சாயிணி திரும்பினார்.

"இவ்வளவு! ஏறக்குறைய இருபத்தைந்து அடி!"

நாகவல்லி கையிலிருந்த டார்ச் பல்பைப் பார்த்தார். தெருவின் அகலத்தைப் பார்த்தார். "போட்டுட்லாம்," என்றார்.

கோயில் கமிட்டிச் செயலாளர் உலகநாதன் ஒத்துக்கொள்ளவில்லை. அரிசி மண்டி வைத்திருந்தவர், பக்திமான், எதையும் நின்றபடியே முடிவு செய்கிறவர். அந்த இடத்தில் நடராஜர் உருவம்தான் வழக்கம். அதைக் கஜபதி போடட்டும், பக்கத்தில் வேண்டுமானால் நட்சத்திரம் போடலாம் என்று முதலில் இறங்கி வந்தார். சிவப்பு நட்சத்திரம் சூடு குறைந்தது என்று காதில் விழுந்ததும் முகம் மாறிவிட்டது.

"இன்னாம்மா இது? சாமி நட்சத்திரம் ஆறிப் போச்சுன்னு கோயில் வாசல்லயே போடுவியா?"

பக்கத்தில் நின்ற தாட்சாயிணிதான் பேசினார்.

"ஐயா, மத்த நட்சத்திரத்தோட ஒப்பிட்டுத்தான் அப்படிச் சொல்றோம். ரைகலுக்கு மேல்பரப்புல பன்னிரண்டாயிரம் டிகிரி. சூரியனுக்கு ஆறாயிரம் கிட்ட. திருவாதிரைக்கு மூவாயிரத்து ஐந்நூறு."

"அதான் சொல்றேன், கொறச்சல்தான?"

"நம்ம எஸ்டேட்ல இரும்பு உருக்கற உலை இருக்கில்ல? அதை அப்படியே தூக்கித் திருவாதிரைக்குள்ள போட்டா, இரும்பு ஆவியாப் போயிடும். கரண்ட் பல்பு முழுசா எரியறப்பகூட உள்ள கம்பி அந்தச் சூட்டுக்கு வராது."

உலகநாதன் தாடையைத் தடவினார். "பெருசுன்னு சொன்னீங்களே?"

"பல கோடிச் சூரியனை உள்ள கொட்டலாம்."

"பல கோடி." அவர் அதை ஒரு முறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு நாகவல்லியிடம் திரும்பினார். "எவ்ளோ பெருசா வேணாப் போட்டுக்க. கோபுரத்துக்கு மேல மட்டும் போவக்கூடாது."

மூங்கிலை வளைத்து இருபத்தைந்து அடி வளையம் கட்டி, மல் துணி இழுத்துத் தைத்தார்கள். துணிக்குப் பின்னால் பல்புகள். கடைக்குப் பின்புறக் காலி மனையில் முதல் சோதனை. நாகவல்லி செய்த தவறு அங்கேதான் நடந்தது. அதை அந்தத் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்ய முடியும். சிவப்பு வேண்டும் என்றால் அவர்கள் கை தானாக வார்னிஷ் டப்பாவுக்குப் போகும். பீடியையும் வெல்டிங்கையும் வைத்து ஒரு மைதானத்தையே மடக்கியவர், வீட்டு பல்பு சிவப்பதைத் தானே கேட்டுத் தெரிந்துகொண்டவர், அத்தனை பெரிய பல்புகளையும் சிவப்பு வார்னிஷில் முக்கி எடுத்திருந்தார். முக்கும்போது அவருக்கு எதுவும் உறைக்கவில்லை.

ஸ்விட்ச் போட்டதும் வளையம் பிரமாதமாக எரிந்தது. கொஞ்ச நேரம்தான். பிறகு வார்னிஷ் கொப்பளித்தது. புகை வந்தது. துணியில் பழுப்பு வட்டங்கள் விழுந்தன. தெருவில் போனவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

கஜபதி வாசற்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "நாகு," என்றார், "நட்சத்திரம் வேவுது. எறக்கிடு."

நாகவல்லி கருகிய பல்பு ஒன்றைக் கழற்றி முந்தானையால் பிடித்துப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். வார்னிஷ் உரிந்து அடியில் வெறும் கண்ணாடி தெரிந்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணனுக்குக் காரணம் புரியவில்லை.

மறுநாள் எல்லா பல்பும் வார்னிஷ் இல்லாத புது பல்பு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இணைப்புக் கொடுக்காமல், நான்கு நான்காக ஒரே சரத்தில் கோத்தார். வருகிற மின்சாரத்தை நான்கும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒன்றுக்கும் முழுப் பங்கு கிடைக்காது. ஸ்விட்ச் போட்டார். துணி முழுவதும் ஒரு சிவப்பு மெல்ல ஊறியது. கண்ணைக் குத்தாத, கனிந்த, ஆழ்ந்த சிவப்பு. புகை இல்லை. துணியைத் தொட்டுப் பார்த்தார், இளஞ்சூடுதான்.

"பெயின்ட்டு?" என்று எழுந்து வந்தார் கஜபதி.

"அடிக்கல."

"பின்ன எப்டி செவப்பு?"

"வோல்டேஜு இல்ல. அதான்."

கஜபதி வளையத்தைச் சுற்றி வந்து பின்பக்கம் எட்டிப் பார்த்தார். வெறும் பல்புகள்தான். வாசற்படிக்குத் திரும்பிப் போய் மீதி டீயைக் குடித்தார். அந்த வளையம் மயிலைவிடக் குறைவாகத்தான் மின்சாரம் இழுத்தது. தேர்தல் நேரம். ஊரில் இருந்த ஜெனரேட்டர் எல்லாம் பொதுக்கூட்டங்களுக்குப் போய்விட்டிருந்தன. இது எதிர்பாராத லாபம்.

ரோகிணிக்கு இரண்டு இரண்டாகக் கோத்தார், ஆரஞ்சு நிறம் வந்தது. சிரியஸுக்கு மோட்டார் வண்டி விளக்கிலிருந்து எடுத்த சிறிய ஹாலஜன் பல்பு, பளீர் வெள்ளை. மீதி இருந்தது ரைகல். எந்த பல்பை எவ்வளவு எரித்தாலும் அந்த நீல வெள்ளை வரவில்லை. கம்பி அதற்கு முன்பே உருகிவிடுகிறது. வெல்டிங் பொறியை ஜனங்களுக்கு முன்னால் வைக்க முடியாது, கண் போய்விடும். நீல வார்னிஷ் டப்பாவை இந்த முறை நாகவல்லி திறக்கவே இல்லை. பஸ் ஏறிப் பூந்தமல்லிக்குப் போனார்.

பூந்தமல்லியில் ஒரு சினிமா கொட்டகையில் படம் ஓட்டுபவர் சாதுல்லா. அந்தக் காலத்துப் புரொஜெக்டர்களில் இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவே மின்சாரம் பாய்ந்து எரியும். அந்த வெளிச்சம்தான் படத்தைத் திரைக்குத் தள்ளும். கொட்டகையில் பழைய விளக்குப் பெட்டி ஒன்று சும்மா கிடந்தது நாகவல்லிக்குத் தெரியும்.

"பாய், உங்க ஆர்க் லைட்டு எனக்கு ஒரு நாள் வேணும்."

"இன்னாமா, கோயில்ல படம் ஓட்டப் போறியா?"

"நட்சத்திரம் ஓட்டப் போறேன்."

"ஹீரோவா ஹீரோயினா?"

"ரைகலு."

"புதுமுகமா?" என்றார் சாதுல்லா. விஷயத்தைக் கேட்டு முடித்ததும் சிரிப்பை விட்டுவிட்டார். "பொட்டி தரேன். ஆனா குச்சி எரிஞ்சு எரிஞ்சு கொறஞ்சுகினே வரும். கையால தள்ளிக் குடுத்துகினே இருக்கணும். கொஞ்சம் அசந்தா அணைஞ்சிடும். அதனால நானும் வரேன். இவ்ளோ வருஷமா ரூமுக்குள்ள ஒக்காந்து வெளிச்சம் காட்றேன், ஒருத்தன்கூட அந்த வெளிச்சத்தப் பாத்ததில்ல. படத்தத்தான் பாக்கறான்."

பெட்டியைப் பின்னால் வைத்து, அண்டா அளவு பால் கண்ணாடி வட்டத்தின் மீது வெளிச்சம் விழும்படி அமைத்தார்கள். மற்ற விளக்குகளுக்குப் பக்கத்தில் அது நீலமாகவே தெரிந்தது.

திருவாதிரைக்கு முந்தின நாள். மாலை ஏழு மணிக்கெல்லாம் ஏரிக்கரை நிரம்பிவிட்டது. வேப்பம்பட்டிலிருந்தும் கோவில்பதாகையிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். கிழக்கே பௌர்ணமியை நெருங்கிய நிலவு ஏறிக்கொண்டிருந்தது. கோயில் வாசலின் வலப்புறம் கஜபதி பேரில் நடராஜர். காலைத் தூக்கி ஆடினார், சுற்றிலும் தீச்சுடர்கள் ஓடின. அதையும் செய்தது நாகவல்லிதான். இடப்புறம் அவருடைய வானம். அண்ணாந்து பார்த்தால் வானில் எப்படி இருக்குமோ, அதே அமைப்பு. இடப்பக்கம் திருவாதிரை, வலப்பக்கம் ரைகல், உயரே ரோகிணி, தாழ்வாக வலது ஓரத்தில் சிரியஸ். கைக்கெட்டும் உயரத்தில் ஒரு குச்சியில் டார்ச் பல்பு. அதன் அடியில் 'நம்ம சூரியன்' என்று எழுதிய அட்டை.

ஜனங்கள் நடராஜருக்கு முன்னால் நின்றார்கள். நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள்.

"இது இன்னாக்கா, ஓடவே மாட்டேங்குது?"

"பல்பு வீக்கா கீது போல. செவப்பா எரியுது பாரு."

"அது என்னா, அப்பளமா?"

எரியும் விளக்கு ஓட வேண்டும், சுற்ற வேண்டும், மின்ன வேண்டும். அப்படித்தான் அவர்கள் கண்ணைப் பழக்கியிருந்தார்கள். பழக்கியதே நாகவல்லியின் கைதான். தொண்டர்கள் எல்லாரும் வலப்புறம் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். இடப்புறத்துத் தொண்டர் சுண்டல் தின்றுகொண்டிருந்தார்.

கஜபதி பக்கத்தில் வந்து நின்றார். குரலில் கேலி இல்லை. "நல்லாத்தான் கீது நாகு. ஆனா நிக்கல. பாத்தியா?"

"இன்னும் முடியல."

"இதுக்கு மேல இன்னா கீது?"

நாகவல்லி தாட்சாயிணியைத் தேடினார். ஆசிரியை டார்ச் பல்புக்குப் பக்கத்தில் நின்று, கேட்காதவர்களிடம் விளக்கிக்கொண்டிருந்தார். அவரை அங்கே பார்த்ததும் நாகவல்லிக்கு ஆவடி மைதானம் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அணைக்கச் சொல்லித்தானே கூப்பிட்டார்கள்.

கோயிலின் விளக்கு அத்தனையும் அவர் இழுத்த ஒயரில் எரிந்தன. சாமி புறப்பாடு இன்னும் இல்லை. நிலா வெளிச்சம் பளிச்சென்று இருந்தது, யாரும் தடுக்கி விழ மாட்டார்கள். மெயின் ஸ்விட்ச் இருந்த பலகைக்கு நடந்து போனார். கொண்டையிலிருந்து டெஸ்டரை உருவிப் பல்லில் கடித்துக்கொண்டார். கைப்பிடியைக் கீழே இழுத்தார்.

நடராஜர் ஆட்டத்தின் நடுவே மறைந்தார். வளையம் மறைந்தது. தெருவில் கட்டிய சரங்கள் எல்லாம் மறைந்தன. கூட்டம் "ஓ" என்று ஒரே குரலில் கத்தியது.

"கரண்ட்டு போச்சுடா!"

"ஏய் நாகு! இன்னாடி பண்ணிட்ட?" இது கஜபதி.

"யாரது மெயின்ல?" இது உலகநாதன், கோபுர வாசலிலிருந்து.

மைக் செட் கார் பேட்டரியில் ஓடியது. நாகவல்லி டெஸ்டரை மறுபடி கொண்டையில் செருகிவிட்டு மைக்கை எடுத்தார். அவருக்கு அது தேவையில்லை, ஆனாலும் எடுத்தார்.

"யாரும் பயப்படாதீங்க. கரண்ட்டு போவல. நான்தான் அணைச்சேன். அம்பத்தூர் நாகவல்லி. எல்லாரும் கெழக்க பாருங்க. நெலாவுக்குப் பக்கத்துல, செவப்பா ஒண்ணு. தெரியுதா?"

ஏரிக்கு மேலே, தென்னை மரங்களுக்கும் மேலே, அத்தனை முகங்களும் திரும்பின. முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகியது. ஒருவர் கை நீட்டினார், பிறகு பலர்.

"தெரியுது!"

"அதான் திருவாதிரை. நாளைக்கி அதுக்குத்தான் திருவிழா. ஊட்ல வோல்டேஜு கொறஞ்சா பல்பு இன்னா கலர் ஆவுது?"

"செவப்பு!" என்றது ஏரிக்கரை. மின்வாரியத்தைத் திட்டிப் பழகிய குரல்கள்.

"அதே சமாச்சாரந்தான் மேலயும். இப்ப இங்க பாருங்க."

தன் வானத்துக்குப் போகும் ஒயர்களை மட்டும் மெயினுக்கு முந்தைய பக்கத்துக்கு மாற்றி ஒவ்வொன்றாக இணைப்புக் கொடுத்தார். முதலில் வளையம். இருட்டில் அந்தச் சிவப்பு வேறு ஆளாகியிருந்தது. ஏதோ ஒன்று மூச்சு விட்டபடி எழுந்து வருவதைப் போல மெல்ல நிறைந்து, கோபுரத்தின் பக்கவாட்டில் இருபத்தைந்து அடிக்கு நின்றது. யாரும் அப்பளம் என்று சொல்லவில்லை. அடுத்து ரோகிணி, ஆரஞ்சு. அடுத்து சிரியஸ், வெள்ளை ஊசி. ஜனங்கள் வானத்தைப் பார்த்தார்கள், சாரத்தைப் பார்த்தார்கள், மறுபடி வானத்தைப் பார்த்தார்கள். அங்கே எங்கே இருந்ததோ இங்கேயும் அங்கேயே இருந்தது.

"பாய்!" என்றார் நாகவல்லி.

இருட்டில் சாதுல்லா குச்சிகளை ஒட்டிப் பிரித்தார். படபடவென்று ஒரு சத்தம். பால் கண்ணாடி வட்டத்தில் நீல வெள்ளை பீறிட்டது. முன்வரிசையில் இருந்த ஒரு பெண்மணி கையை நெற்றிக்கு மேலே வைத்துக்கொண்டார். அந்தப் பெரிய சிவப்பு ஒரு பக்கம் அமைதியாக எரிய, எதிரே இந்தச் சிறியது சீறியது. எது சூடு என்று இந்த முறை யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"இதான் ரைகலு. பன்னண்டாயிரம் டிகிரி," என்றார் நாகவல்லி. "இப்ப கடைசியா ஒண்ணு. நம்ம சூரியன். எங்க கீதுன்னு நீங்களே தேடிக்குங்க."

டார்ச் பல்பு எரிந்தது. தேடக் கொஞ்ச நேரம் பிடித்தது. முதலில் கண்டுபிடித்தவர் சிரித்துவிட்டார். அடுத்தவர் அட்டையைப் படித்துவிட்டு வளையத்தை அண்ணாந்து பார்த்து "யம்மாடி" என்றார். அந்த 'யம்மாடி' பின்னால் பரவியது. ஒவ்வொருவருக்கும் கிட்டத்தில் வந்து பார்க்க வேண்டும். பார்த்தவர் அங்கேயே திரும்பி நின்று வளையத்தைப் பார்க்க வேண்டும். பின்னால் இருப்பவர் முன்னால் வர வேண்டும். குழந்தைகளைத் தோளில் ஏற்றினார்கள்.

நாகவல்லி மெயினை மேலே தள்ளினார். தெரு விளக்குகள் எரிந்தன, நடராஜர் விட்ட இடத்திலிருந்து ஆடத் தொடங்கினார். கூட்டம் இடப்புறத்திலிருந்து அசையவில்லை.

சுண்டல் பொட்டலத்தை எறிந்துவிட்டுத் தொண்டர் ஓடி வந்தார். "நவுருங்க! நவுரும்மா! பாத்தவங்க நவுருங்க!" வலப்புறத் தொண்டர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். திட்ட வந்த உலகநாதன் நெரிசலில் மாட்டி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு டார்ச் பல்பை உற்றுப் பார்த்தபடி நின்றார்.

"ஐயா, கொஞ்சம் நவுருங்க," என்றார் தொண்டர், ஆளைப் பார்க்காமல்.

"இருப்பா," என்றார் உலகநாதன். "பல கோடின்னாங்களே, பாத்துகினு கீறேன்."

பின்னாளில், தொண்ணூறுகளில், முகப்பேர் குடியிருப்புகளின் பிள்ளையார் கோயில்களிலும் பூந்தமல்லி தர்கா சந்தனக்கூட்டிலும் நாகவல்லியின் விளக்குகள் எரிந்தன. சந்தனக்கூட்டுக்கு அழைத்துப் போனவர் சாதுல்லாதான். திருவாதிரை வளையம் ஏரிக்கரைக் கோயிலில் வருடா வருடம் ஏறியது. அதையெல்லாம் தொடங்கி வைத்தது அன்று இரவே அடுத்து நடந்த ஒரு சிறு காரியம்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு கஜபதி வந்தார். சட்டை கசங்கியிருந்தது. மெயின் பலகைக்குப் பக்கத்தில் நின்று வளையத்தைப் பார்த்தார், நெரியும் ஜனத்தைப் பார்த்தார்.

"போர்டு எங்க வெச்சிகீற?"

"இன்னா போர்டு?"

"நடிக்காத. கடைல ஒரு பிளைவுட்டு கொறயுது. நா பாக்கலன்னு நெனச்சிகினியா?"

நாகவல்லி தலையைத் திருப்பிச் சாமான் ஏற்றி வந்த வண்டியைக் காட்டினார். கஜபதி தாமே போய்த் தார்ப்பாயை விலக்கி, அடியிலிருந்து பலகையை இழுத்தார். தோளில் தூக்கி வந்து சாரத்தின் காலடியில் நிறுத்தினார். பல்புகளால் எழுதியிருந்தது: நாகவல்லி லைட்ஸ், அம்பத்தூர். எல்லாம் வெறும் கண்ணாடி. ஒன்றில்கூட வார்னிஷ் இல்லை.

ஒயரின் இரு முனைகளையும் எடுத்துக்கொண்டு குனிந்தவர் நிமிர்ந்து கேட்டார்.

"இதுக்கு எப்டி நாகு? நாலு நாலா கோக்கணுமா?"

"கோக்காத. ஒவ்வொண்ணுக்கும் தனி லைனு," என்றார் நாகவல்லி. "ஃபுல் வோல்டேஜு குடு."